ஒண்ணுமில்லை என்று சொன்ன ஸ்கேன்

ஸ்கேன் எடுத்த பெண் என் வயிற்றில் தடவியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் நார்மல்" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

கட்டி இருக்கிறது, புண் இருக்கிறது, ஏதாவது ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் திருவாரூர் வரைக்கும் வந்திருந்தேன். வெளியே பெஞ்சில் மாமி காத்துக்கொண்டிருந்தார். மாமி என்றால் என் கணவரின் தாயார். "நார்மல்" என்ற அந்தச் சொல்லைக் காதில் வாங்கியதும் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அப்படியே மாறியது.

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே. இனிமே எந்திரிச்சு வேலையப் பாரு."

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் ஊர் திருவாரூருக்கும் கடற்கரைக்கும் நடுவில், வயல்களுக்கு மத்தியில் இருக்கிறது. தெருவில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மொசைக் போய் டைல்ஸ் வந்தது, வாசலுக்கு இரும்பு கேட் வந்தது. ஆண்கள்தான் ஊரில் இல்லை. துபாய், சவூதி, குவைத் என்று போய்விட்டார்கள். என் கணவர் ஷாகுல் துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். எங்கள் வழக்கப்படி நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் மாமி, மச்சானின் தங்கை மைமூன், எங்கள் மகள் ரிஸ்வானா, நான். மைமூன் சின்ன வயதிலேயே கணவனை இழந்து தாய் வீட்டுக்குத் திரும்பிவந்தவள். அண்ணன் மனைவி என்ற முறையில் என்னை மச்சி என்பாள், மற்றபடி அதிகம் பேச மாட்டாள். என்னோடு அவளுக்கு அப்போது பெரிய ஒட்டுதலும் இல்லை.

மகள் பிறந்து நான்கு வருடம் கழித்து எனக்கு இந்தத் தொல்லை தொடங்கியது. முதலில் மாதவிடாய் இரண்டு நாள் கூடுதலாக நீண்டது. பிறகு நிற்பதே இல்லை என்றாகிவிட்டது. கட்டி கட்டியாகப் போகும். பழைய கைலிகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய ரப்பர் விரிப்பை என் பாயில் போட்டுப் படுத்தேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன், ஏனென்றால் அங்கே வெள்ளைத் துணி விரித்து உட்கார வைப்பார்கள். என்னைப் பெற்ற அத்தா வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் இறங்கும்போது பின்னால் வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்ற பயம். பின்கட்டு அறை, அதையொட்டிய குளியலறை, அடுப்படி. இந்த மூன்றுக்குள் என் நடமாட்டம் அடங்கியது.

தொழுகையும் போயிற்று. அந்த நாட்களில் தொழுகை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் எல்லா நாளும் அந்த நாளாகவே இருந்தால் என்ன செய்வது? மாமிக்கு அது பெரிய உறுத்தல். "மாசம் பூரா தொழுகை இல்லாம ஒரு பொம்பள வீட்டுல இருந்தா, பரக்கத்து எங்கேர்ந்து வரும், வீடு எங்கேர்ந்து வெளங்கும்?" என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் சொல்வது போல் சொல்வார்.

ஊர் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். சாப்பிடும்வரை நிற்கும், விட்டதும் திரும்பிவிடும். சூடு என்றார்கள். கண்ணேறு என்றார்கள். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னபோது நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் பச்சை அரிசி தின்றுகொண்டிருந்தேன். ஊறவைத்ததோ வறுத்ததோ இல்லை, மூட்டையிலிருந்து அள்ளி அப்படியே. வாயில் போட்டு நறநறவென்று கடித்தால்தான் மனம் அடங்கும். தாவணித் தலைப்பில் முடிந்து வைத்திருப்பார்களே சின்னப் பெண்கள், அதைப் போல முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு தின்றேன். ஒருநாள் மாமி கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "சோத்துக்கு வழியில்லாத வீடா இது? மகன் அங்க வெயில்ல கெடந்து அனுப்புறான், இவ திருடித் திங்கிறா" என்றார். ஏன் தின்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மச்சான் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கூப்பிடுவார். செல்போன் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. டெலிபோன் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. மாமி பேசி முடித்து ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்களும் தங்கள் ஆட்களின் சேதி கேட்க வந்திருப்பார்கள். அத்தனை பேர் நடுவில் நான் எதைச் சொல்வது?

"ஒடம்பு சரியில்ல மச்சான்."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே, அம்மா சொன்னாங்க. நீ தனியா உக்காந்து எதையாவது நெனச்சுக்கிட்டே இருக்காத. நல்லா சாப்புடு."

"சரிங்க."

அந்தப் பக்கத்திலும் போனுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்று பிறகுதான் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவர் எல்லாரையும் போல ஸ்கேனை நம்புகிறார், என்னை நம்பவில்லை.

ஸ்கேன் எடுத்த இரண்டாவது மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமி ரிஸ்வானாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தலைவலி என்று மைமூன் வீட்டில் தங்கினாள். மத்தியானம் குளியலறைக்குப் போனேன். காலடியில் தரை சிவப்பாக மாறியதைப் பார்த்தேன். குழாயைத் திறக்கக் கையை நீட்டியதுவரை நினைவிருக்கிறது. பிறகு மைமூன் கதவை உடைத்த சத்தம், எங்கோ தூரத்தில்.

தூக்கிவிட தெருவில் ஆண்பிள்ளை கிடையாது. மைமூன் ஓடிப்போய் வாடகைக் கார் டிரைவரைக் கூட்டிவந்தாள். அவரும் அவளுமாகப் போர்வையில் வைத்து என்னைத் தூக்கினார்கள். திருவாரூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட ரத்தம் இல்ல, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க, நிக்காதீங்க" என்றார்கள். வழியெல்லாம் மைமூன் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பச்சையாக எதுவோ ஓடியது. குறுவை நடவு முடிந்த நேரம் அது.

தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நாலு இருந்தது. ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்கிற பொருள். அது குறைந்தால் மாடிப்படி ஏறுவதே மலை ஏறுவது போல ஆகும், இதயம் வேலை செய்து செய்து களைத்துவிடும். என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர், மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த இளம் பெண். வார்டில் எல்லாரும் சின்ன டாக்டர் என்றுதான் சொன்னார்கள். அவர் என் நகங்களைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு திடீரென்று, "பச்சரிசி சாப்பிடத் தோணுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமி பிடித்த கதையை மைமூன் இவரிடம் சொல்லிவிட்டாளோ என்று அவளைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. ஒடம்புல இரும்புச்சத்து தீந்துபோனா அப்படித் தோணும். சிலர் மண்ணு திம்பாங்க, சிலர் சாம்பல், சாக்பீஸ், ஐஸ். நம்ம பக்கத்துல அரிசிதான் அதிகம். திருட்டுத்தனம் இல்ல அது, நோயோட அடையாளம்."

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் முதல் முறையாக மூச்சு விட்டேன்.

ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாகச் சொந்தக்காரர்கள் வந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆண்கள் யாராவது வாருங்கள் என்றார்கள். யாரைக் கூப்பிடுவது? அத்தாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை. என் தம்பி குவைத்தில். மச்சான் துபாயில். மைமூன் சின்ன டாக்டர் பக்கம் திரும்பினாள். "பொம்பளைங்க குடுக்கக் கூடாதா?" என்றாள்.

"தாராளமா. எடை, ஹீமோகுளோபின் சரியா இருந்தா குடுக்கலாம்."

கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அமுக்கியபடி என் கட்டிலுக்கு வந்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு களை இருந்தது. ஆனால் நர்ஸ், அந்த ரத்தம் வங்கிக்குப் போகும், குரூப் வேறு என்பதால் இன்னொருவருக்குத்தான் ஏற்றுவார்கள் என்று சொன்னதும் வாடிவிட்டாள்.

"அப்ப ஒங்களுக்கு ஏறுறது என் ரத்தம் இல்லையா மச்சி?"

"யாரோ ஒருத்தருக்கு ஏறுமே."

"யாரோ ஒருத்தருக்கா குடுத்தேன்?" என்று கோபப்பட்டாள். பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மயக்க மருந்து கொடுத்து, கர்ப்பப்பையின் உள்தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரக் காத்திருந்த நாட்கள்தான் மிகவும் கொடுமை. புற்றுநோயாக இருந்தால் என்ன என்ற பயம் ஒரு பக்கம். மறுபடியும் ஒன்றுமில்லை என்று வந்தால் என்ன என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, வயல் வேலைக்குப் போகிறவர். கர்ப்பப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. அறுவைக்குக் காத்திருந்தார்.

"எனக்குக் கட்டின்னு சொல்லிட்டாங்க. ஒனக்கு என்னம்மா?"

"ஒண்ணும் தெரியலைங்கறாங்க."

"அடப் பாவமே" என்றார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்ட அவருக்கு ஒரு கட்டி இருந்தது. என்னிடம் எதுவும் இல்லை.

முடிவு வந்தது. புற்று இல்லை. திசு நார்மல். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மறுபடியும் அந்தப் பின்கட்டு அறை, மாமியின் பேச்சு, வெள்ளிக்கிழமை போன். இதிலிருந்து வெளியே வர வழியே கிடையாது என்று தோன்றியது.

சின்ன டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நார்மல்னா காரணமே கிடையாதுன்னு நெனச்சுக்காதீங்க. எங்க மைக்ராஸ்கோப்புக்குத் தெரியலன்னு அர்த்தம். ஒங்களுக்கு ரத்தம் போகுது. அதை நான் பாத்தேன். ரத்தம் பொய் சொல்லாது."

பிறகு அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன். கர்ப்பப்பையின் உள்தோல் மாதாமாதம் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. வளர்கிற தோலுக்கு ரத்தம் வேண்டும், அதனால் புதுப்புது ரத்தக் குழாய்களும் கூடவே வளர வேண்டும். 'இங்கே ஒரு குழாய் வளரட்டும்' என்று கட்டளையிடுகிற ரசாயனப் பொருட்களை உடம்பு அந்த இடத்திலேயே தயாரிக்கிறது. அவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். ஒரு காரணி குழாயை முளைக்க வைக்கும். இன்னொரு காரணி அந்தக் குழாயின் சுவரைக் கெட்டிப்படுத்தும், சுற்றிலும் தசையைப் போர்த்தும். உதிரும் நாள் வரும்போது அந்தத் தசை சுருங்கிக் குழாயை அடைக்கும், ரத்தம் நிற்கும். சில பெண்களுக்கு இந்தக் கட்டளைகளில் அளவு தவறிவிடுகிறது. குழாய்கள் முளைத்துவிடும், சுவர் கெட்டிப்படாது.

"வாய்க்கால வெட்டிட்டுக் கரை கட்டாம தண்ணியத் தொறந்துவிட்டா என்ன ஆகும்? அதுதான். ஒடஞ்சா அடைக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

"அப்ப அதை டெஸ்ட்ல பாக்க முடியாதா டாக்டர்?"

"இப்பத்தான் ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு. ஒங்களுக்கு இதுதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. இருக்கலாம்னுதான் சொல்றேன்."

இருக்கலாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதுவரை யாரும் எனக்கு அவ்வளவுகூடக் கொடுத்ததில்லை.

அன்று மாலை மைமூன் ஊருக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பினாள். வழியில், பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற ஆலிமாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். "இது மாசாமாசம் வர்றது இல்லையாம் மச்சி, சீக்காம். வழக்கமான நாளக் கழிச்சுட்டு, மத்த நாள்ல சுத்தம் பண்ணிட்டு ஒவ்வொரு வேளைக்கும் கைகால் மொகம் கழுவி ஒளு செஞ்சு தொழலாமாம். ரத்தம் வந்தாலும் பரவாயில்லையாம். இத்தன நாளா ஏன் கேக்கலன்னு என்னைத் திட்டுனாங்க." கட்டிலிலேயே உட்கார்ந்து அசர் என்கிற மாலைத் தொழுகையைத் தொழுதேன். ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

பெரிய டாக்டர் இரண்டு வழி சொன்னார். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம். அல்லது, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். காப்பர் டி போல 'டி' வடிவத்தில் இருக்கும், ஆனால் உள்ளே ஹார்மோன் மருந்து இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்தோலை மெலிய வைக்கும். தோலே தடிக்காவிட்டால் குழாய்களும் அவ்வளவாக வளராது. ஐந்து வருடம் தாங்கும். அதுவரைக்கும் பிள்ளை உண்டாகாது. என் வயதுக்கு இதையே முதலில் பார்க்கலாம் என்றார்.

மாமி வந்திருந்தார். பழமும் பிஸ்கட்டும் பிளாஸ்கில் கஞ்சியும் கொண்டுவந்திருந்தார். கஞ்சியில் நிறையக் கறி போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பிளாஸ்கைக் கீழே வைத்தார்.

"கருத்தடையா? ஒத்தப் பொட்டப்புள்ளையோட நிப்பாட்டுறதா? மகன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

மைமூன் தன் தாயாரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். "இவங்க மௌத்தாப் போயிட்டா, செத்தே போயிட்டா மட்டும் என்ன பதில் சொல்லுவீங்கம்மா? நீங்க கல்யாண வீட்டுல இருந்தீங்க. கதவ ஒடச்சது நான்."

மாமி பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினார். கடைசியில், "அவன்கிட்டக் கேளுங்க. அவன் சரின்னா சரி" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரில் ஒரு டெலிபோன் பூத். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் உள்ளே நின்றேன். கடை நம்பருக்குப் போட்டு, மச்சானைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தேன். தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கூடம் இல்லை, கேட்கிற காதுகள் இல்லை. அன்றுதான் ரத்தம் என்ற சொல்லை அவரிடம் சொன்னேன். எவ்வளவு போனது, எங்கே விழுந்தேன், எதை வைக்கப் போகிறார்கள், எல்லாம் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அஞ்சு மாசத்துல லீவுல வர்றேன். அதுவரைக்கும் மாத்திரையில ஓட்டு. நமக்கு ரெண்டாவது ஒண்ணு வேணாமா?"

"அஞ்சு மாசம் நான் தாங்க மாட்டேன் மச்சான்."

"மொதலாளி பாக்குறாரு. இப்ப எப்புடிப் பேசுறது? சரி, அப்ப ஒன் இஷ்டம்."

போனை வைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் 'ஒன் இஷ்டம்' என்று அந்தக் குரலில் சொன்னால் வேண்டாம் என்று பொருள். எனக்கு அது நன்றாகவே தெரியும். கண்ணாடிக்கு வெளியே மாமியும் மைமூனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து, "என் இஷ்டம்னு சொல்லிட்டாரு" என்றேன். சொல் மாறாமல் அப்படியே சொன்னேன். வார்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்து மைமூன் கையில் பணத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஊருக்கு பஸ் ஏறினார்.

வைத்தபோது வலித்தது. பிரசவ வலியின் ஒரு கீற்று போல, அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து கிள்ளியது போல. வைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவில்லை. சின்ன டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார், சில மாதம் சொட்டுச் சொட்டாக வரும் என்று. வீட்டுக்கு வந்து தினமும் பயத்தோடு துணியைப் பார்த்தேன். மச்சானிடமிருந்து வெள்ளிக்கிழமை போன் வந்தது, ஆனால் என்னைக் கேட்கவில்லை. மாமியோடு பேசுவார், மகளோடு பேசுவார், வைத்துவிடுவார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். புருஷன் மனதையும் முறித்தாயிற்று, ரத்தமும் நிற்கவில்லை.

நாலாவது மாதம் ஒருநாள் துணி வெள்ளையாக இருந்தது. மறுநாளும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம்.

மச்சான் லீவில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரும்வரை காரின் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடுதான் பேசினார். இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்கட்டு அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரூம்ல எட்டுப் பேரு. யாருகிட்டப் போயிக் கேக்குறது? மருந்துக்கடையில ஒரு மலையாளிப் பையன். அவன்கிட்டதான் கேட்டேன். பொம்பளைக்கு ரத்தம் நாலுங்கிற அளவுக்குக் கொறஞ்சா என்ன ஆகும்னு. அவன் சொன்னதக் கேட்டுட்டு ரெண்டு நாளு கடைக்குப் போகல."

நான் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஏன் ஹாஜிரா, மொதல்லயே சொல்லல?"

"கூடத்துல வச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அத வைக்கும்போது வலிச்சுதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "வலிச்சுது" என்றேன். கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பிள்ளை என்ற பேச்சு எங்களுக்குள் இன்றும் எங்கோ இருக்கிறது. லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார்.

அதன் பிறகுதான் ஒன்றை உணர்ந்தேன். ரத்தம் நின்றுவிட்டது, உடம்பில் தெம்பு வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் நான் இருந்த இடம் மாறவில்லை. அதே பின்கட்டு, அதே அடுப்படி. முன்பு வெளியே போகாததற்கு உடம்பைக் காரணம் சொன்னேன். இப்போது சொல்ல ஒரு காரணமும் இல்லை, போக ஒரு காரணமும் இல்லை.

செக்கப்புக்குத் தஞ்சாவூர் வரச் சொல்லியிருந்தார்கள். மாமிக்கு முழங்கால் வலி, மைமூனுக்குக் காய்ச்சல். முதல் முறையாகத் தனியாக பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில், எந்தத் துணியும் விரிக்காமல் உட்கார்ந்தேன். சின்ன டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஹீமோகுளோபின் பதினொன்றுக்கு மேல் வந்துவிட்டது என்றார். "நல்லா இருக்கீங்க. இனிமே தொந்தரவு இருந்தா மட்டும் வாங்க, போதும்."

வெளியே வந்தால் பகல் பதினொரு மணிகூட ஆகவில்லை. ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து காபி குடித்தேன். கடைத்தெருவில் எதையும் வாங்காமல் சுற்றினேன். மகளுக்கு ஒரு ரிப்பன். ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீர் போவதைப் பார்த்தேன். என்னை யாரும் தேடவில்லை, யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமி, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார்.

"நல்லாத்தான் இருக்காம் மாமி. ஆனா மூணு மாசத்துக்கு ஒருதடவை கட்டாயம் வந்து காட்டணுமாம்."

"காட்டத்தானே வேணும். அசட்டையா இருந்துடாத" என்றார் மாமி. கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த மைமூன் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்த தடவை நானும் தொணைக்கு வர்றேன் மச்சி" என்றாள்.